'கிலோவில் போடுங்க' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்: தொலைவிலிருந்து செயலியைச் சோதிப்பவர்களுக்கு

கேள்வி: கோவையில் ஆறு பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்காக ஒரு ஆண்ட்ராய்டு செயலி செய்கிறோம். விவசாயி கொடுத்த மக்காச்சோளத்தின் கணக்கையும் வரவேண்டிய பணத்தையும் அவரே அதில் பதிந்து பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் நேரில் போய்ச் சோதிக்க முடியவில்லை. கூகுள் மீட்டில் நான்கு பேரிடம் சோதித்தோம். இரண்டு முறை இணைப்பு அறுந்தது. ஒருவர் திரையைப் பகிர மறுத்துவிட்டார். 'அளவு' என்ற கட்டத்தில் இருவர் தயங்கினார்கள். 'கிலோவில் போடுங்க' என்று சொன்னதும் முடித்துவிட்டார்கள். கடைசியில் எல்லோரும் 'நல்லா இருக்குங்க' என்றார்கள். இதை நம்பி வெளியிடலாமா? எத்தனை பேரிடம் சோதித்தால் போதும்? எந்தக் கருவி நல்லது? பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: வெளியிடாதீர்கள். 'நல்லா இருக்குங்க' என்பது செயலியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. விருந்தாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வரும் பதில் அது. நான்கு சோதனைகளில் உங்களுக்குக் கிடைத்த உருப்படியான விஷயம், போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 'அளவு' கட்டம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 12 மூட்டை கொடுத்திருக்கிறார், மூட்டை 62 கிலோ. மொத்தம் 744 கிலோ. குவிண்டால் (100 கிலோ) 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு வரவேண்டியது 16,368 ரூபாய். அவர் மூட்டைக் கணக்கில் நினைத்து 12 என்று தட்ட, செயலி அதைக் கிலோவாக எடுத்துக்கொண்டால் திரையில் 264 ரூபாய் நிற்கும். அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்கத்தான் சோதனையே. நீங்கள் இரண்டு சொல் சொன்னதும் தயக்கம் தீர்ந்தது. சோதனையும் அங்கேயே முடிந்துவிட்டது. செயலியை வெளியிட்ட பிறகு ஒவ்வொரு வீட்டிலும் 'கிலோவில் போடுங்க' என்று சொல்ல நீங்கள் இருக்கப்போவதில்லை.

திரையைப் பகிர மறுத்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் பலர் சிறிய சிக்கலாக நினைக்கிறார்கள். அவர் செய்தது சரி. முன்பின் தெரியாதவர் கூப்பிட்டுத் திரையைப் பகிரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் வங்கிகளும் காவல்துறையும் ஓயாமல் சொல்லிவருகின்றன. அடுத்தவர் போனைத் தொலைவிலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க் செயலி வழியாக நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019இலேயே வங்கிகளை எச்சரித்தது. ஆகவே உங்கள் அழைப்பு, வெளியிலிருந்து பார்த்தால், மோசடிக்காரரின் அழைப்பு போலவே இருக்கிறது. இதை மாற்றும் பொறுப்பு உங்களுடையது, அவருடையது அல்ல.

அதனால் முதல் தொடர்பு உங்களிடமிருந்து போகக் கூடாது. அவருக்கு முகம் தெரிந்த ஆள், உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கரோ களப்பணியாளரோ, நேரில் சொல்லட்டும். உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, திரும்பக் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்ள ஒரு எண், இவை அடங்கிய ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் என்ன கேட்கமாட்டீர்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்: ஓடிபி கேட்கமாட்டோம், வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்லமாட்டோம், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற எதையும் போடச் சொல்லமாட்டோம், பணம் அனுப்ப க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின் போடவோ சொல்லமாட்டோம். பணம் பெற பின் தேவையில்லை என்பதை ஒரு வரியாகச் சேர்த்தால், அது அவருக்கு வேறு இடத்திலும் உதவும்.

இதே காரணத்தால் ஏபிகே கோப்பை (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவச் சொல்லாதீர்கள். 'அபராதச் சலான்', 'அரசு உதவித்தொகை' என்ற பெயரில் ஏபிகே அனுப்பி ஏமாற்றுவது பரவலாக நடக்கும் காலம் இது. அறியாத இடத்திலிருந்து வந்த செயலி என்று போன் எச்சரிக்கும்போது 'பரவாயில்லை, அமுக்குங்க' என்று நீங்கள் பழக்கினால், அடுத்த தடவை மோசடிக்காரர் சொல்லும்போதும் அமுக்குவார். கூகுள் பிளேயில் 'இன்டர்னல் டெஸ்டிங்' என்று ஒரு வழி இருக்கிறது. 100 பேர் வரை சேர்க்கலாம். அவர்களுடைய ஜிமெயில் முகவரி மட்டும் முன்கூட்டியே வேண்டும். பிளே ஸ்டோரிலிருந்தே செயலி இறங்கும்.

சோதனைக்கென்று தனி பில்ட், அதாவது செயலியின் தனிப் பதிப்பு, செய்யுங்கள். உண்மையான கணக்கு எதுவும் அதில் இருக்கக் கூடாது. கற்பனை விவசாயி ஒருவரின் பெயரும் தொகைகளும் போதும். ஓடிபிக்குப் பதில் எல்லோருக்கும் ஒரே நிலையான எண் வைத்துவிடுங்கள், குறுஞ்செய்திக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. பாதுகாப்புக்காகப் பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி நிரலில் தடை போட்டிருப்பீர்கள். அந்தத் தடை இருந்தால் பகிரும் திரையில் அந்தப் பக்கம் முழுக் கறுப்பாகத் தெரியும், சோதனை நடுவில்தான் இதைக் கண்டுபிடிப்பீர்கள். சோதனை பில்ட்டில் மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, திரைப் பகிர்வில் விரல் தெரியாது. பொத்தானை அழுத்தியும் வேலை செய்யவில்லையா, அழுத்தவே இல்லையா என்று புரியாமல் விழிப்பீர்கள். விரல் பட்ட இடத்தில் அரை நொடி வட்டமாக ஒரு புள்ளி தெரியும்படி பில்ட்டிலேயே வைத்துவிடுங்கள். போனின் அமைப்புகளில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் இந்த வசதி உண்டு என்றாலும், அடுத்தவர் போனில் அதைத் திறக்கச் சொல்வது முறையல்ல.

கருவி என்று பார்த்தால், இந்த மக்களுக்கு என் தேர்வு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு. 2023 ஆகஸ்டிலிருந்து அதிலேயே திரையைப் பகிரலாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், லிங்க் அனுப்ப வேண்டாம், பேரனோடு பேசிப் பழகிய அதே பச்சைப் பொத்தான். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்தால் இலவசத்தில் 60 நிமிடம். மீட்டில் பதிவுசெய்யக் கட்டணக் கணக்கு வேண்டும். வாட்ஸ்அப்பில் பதிவு வசதி இல்லை, அதனால் உங்கள் மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளால் திரையையும் இருபுறக் குரலையும் பதிவுசெய்யுங்கள். அவர் குரல் ஸ்பீக்கர் வழியாகவும் உங்கள் குரல் மைக் வழியாகவும் வருவதால் இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றை மறந்தால் ஒருபக்கப் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். ஆளில்லாமல் தானே நடக்கும் சோதனைத் தளங்களும் இருக்கின்றன. உங்கள் பயனர்களுக்கு அவை வேண்டாம்.

இணைப்பு அறுந்ததற்கு நெட்வொர்க் மட்டும் காரணமாக இருக்காது. பலர் வைத்திருப்பது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ். மாலைக்குள் அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் வீடியோ ஓடாது. எனவே காலை வேலை முடிந்து 11 மணிக்கு மேல் நேரம் கேளுங்கள், முந்தின நாளே டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்துவிடுங்கள், அழைப்புக்கு முன் 1 ஜிபியாவது மிச்சம் இருக்கட்டும். இன்னொரு காரணம் போனின் நினைவகம். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ள போனில் வீடியோ அழைப்பு, திரைப் பகிர்வு, உங்கள் செயலி மூன்றும் ஒன்றாக ஓடினால் கீபோர்டு திணறும். சில சமயம் செயலியைப் போனே மூடிவிட, திரும்ப லாகின் பக்கத்திலிருந்து தொடங்கும். இப்படிப்பட்ட போனில் எத்தனை நொடியில் முடித்தார் என்று கணக்கெடுக்காதீர்கள். அது உங்கள் செயலியின் வேகம் அல்ல.

திரையைப் பகிர விரும்பாதவருக்கும், போன் திணறுபவருக்கும் ஒரு மாற்று இருக்கிறது, பல இடங்களில் அதுவே மேல். வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் வீடியோ அழைப்பு போட்டு, அதைச் சுமார் ஒரு அடி உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மேல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைக்கச் சொல்லுங்கள். மேலே கனத்துக்கு ஒரு செம்பு. பின்புறக் கேமரா கீழே மேசையைப் பார்க்கும். அதன் அடியில் சோதனை செய்யும் போனை வைத்துக்கொண்டு அவர் தட்டட்டும். திரையும் தெரியும், விரலும் தெரியும், விரல் எங்கே போய்த் தயங்கித் திரும்புகிறது என்பதும் தெரியும். கூரை விளக்கு திரையில் பிரதிபலித்தால் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் போதும்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் 'ஐந்து', பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒரு சிக்கல் ஒருவரிடம் வெளிப்பட 31 சதவீத வாய்ப்பு என்று கொண்டால் ஐந்து பேரில் ஏறக்குறைய 84 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் ஐந்து பேரிடம் அது தட்டுப்பட வாய்ப்பு 41 சதவீதம்தான். ஆகவே பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், புதிதாக ஐந்து பேர், மறுபடி திருத்தம் என்று போவதே பயன்தரும். விவசாயியும் கணக்கரும் வெவ்வேறு வேலை செய்பவர்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி ஐந்து. ஐந்து பேர் வேண்டுமென்றால் ஏழு பேரிடம் நேரம் வாங்கி வையுங்கள். மழை, சாவு வீடு, கரண்ட் கட் என்று யாராவது விட்டுப்போவார்கள்.

ஆள் பிடிப்பதை முழுக்க அலுவலகத்திடம் விட்டால் நன்றாகப் போன் பயன்படுத்தும் இயக்குநர்களைத்தான் அனுப்புவார்கள். நீங்களே இரண்டு கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள். 'கடைசியாகப் போனில் பணம் அனுப்பியது எப்போது, யார் போட்டுக் கொடுத்தார்கள்?' 'இந்தப் போன் யாருடையது, பகலில் யார் கையில் இருக்கும்?' 'ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியுமா?' என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள்.

பணம் கொடுக்க வேண்டும். அரைநாள் கூலிக்குக் குறையாமல், டேட்டா ரீசார்ஜ் தனியாக. செயலியை முடித்தாலும் முடிக்காவிட்டாலும், நடுவில் போதும் என்றாலும் முழுத்தொகை உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காசுக்கு நன்றியாகப் பாராட்டுதான் வரும். பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் அனுப்பிவிட்டால் அடுத்த ஊரில் உங்களுக்கு நல்ல பெயர் இருக்கும்.

இனி சோதனையின் உயிர்நாடி, கொடுக்கும் வேலையின் வாசகம். திரையில் 'விற்பனைப் பதிவு' என்று பொத்தான் இருக்கும்போது 'ஒரு விற்பனைப் பதிவு செய்யுங்கள்' என்று சொன்னால் அவர் எழுத்தைப் பொருத்திப் பார்த்து அழுத்துவார். உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. இப்படிச் சொல்லுங்கள்: 'ஐயா, நேத்து நீங்க சங்கத்துக்கு 12 மூட்டை மக்காச்சோளம் கொடுத்தீங்கன்னு வச்சுக்குவோம். மூட்டை 62 கிலோ. குவிண்டாலுக்கு 2,200 ரூபாய். அதை இந்தப் போன்ல ஏத்துங்க.' எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைப் பார்க்கச் செயலியை விட்டு வெளியே போவார், திரும்பி வர வழி தெரியாமல் ஐந்து நிமிடம் போகும். மூன்று, மிஞ்சினால் நான்கு வேலை. வரவேற்பும் ஒப்புதலும் 10 நிமிடம், வேலைகள் 25, கடைசிப் பேச்சு 10, ஆக முக்கால் மணி. ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், இடையில் அரை மணி இடைவெளி விடுங்கள்.

மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவைக்கும் முறையை 1982இல் ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் பயன்பாட்டுச் சோதனைத் துறைக்குக் கொண்டுவந்தார். அந்நியரிடம் சத்தமாகத் தனக்குள் பேசுவது யாருக்கும் கூச்சம். 'பேசிக்கிட்டே செய்யுங்க' என்று சொன்னால் போதாது, நீங்கள் ஒரு நிமிடம் செய்து காட்டுங்கள். உங்கள் போனில் அலாரம் வைத்தபடி 'மணியை எங்க மாத்தறது... இந்த வட்டத்துல இருக்குமோ... இல்ல, இது வேற என்னமோ' என்று தடுமாறிக் காட்டினால், தடுமாறுவது தப்பில்லை என்று அவருக்குப் புரியும். 'சோதிக்கிறது உங்களை இல்லீங்க, இந்தச் செயலியை. எங்க சிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு வேலை ஆகும்' என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்படியும் பேசாதவரை வற்புறுத்த வேண்டாம். முடித்த பிறகு பதிவை ஓட்டிக் காட்டி, 'இங்க கொஞ்சம் நின்னீங்களே, அப்ப என்ன நினைச்சீங்க?' என்று கேளுங்கள்.

நடுவில் வாயைக் கட்டுவதுதான் கடினம். தொலைவில் நீங்கள் பார்க்கும் திரை ஓரிரு நொடி பிந்தி வருவது. அவர் ஏற்கெனவே அழுத்தியிருப்பார், நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், இரு குரலும் மோதி இருவரும் நிற்பீர்கள். மௌனம் வந்தால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். 'இதுல என்னங்க போடணும்?' என்று கேட்டால் சொல்ல வேண்டியது: 'நான் லைன்ல இல்லைன்னா நீங்க என்ன போடுவீங்க?' சரியாகச் செய்யும்போது மட்டும் 'அருமை', 'ஆமாங்க' என்று சொன்னால், அது வராத இடம் தப்பு என்று அவர் கண்டுகொள்வார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'ம்' மட்டும் போதும். மூன்று நிமிடம் நகராமல் நின்றாலோ, மனம் நோகிறார் என்று குரலில் தெரிந்தாலோ உதவுங்கள், ஆனால் அந்த வேலையை 'உதவியோடு' என்று குறித்துவிடுங்கள்.

மகனோ மகளோ 'கொடுப்பா நான் போடறேன்' என்று போனை வாங்கினால் தடுக்காதீர்கள். நிஜத்திலும் அந்த வீட்டில் அவர்தான் போடப்போகிறார் என்றால் அது முக்கியமான தகவல். குறித்துக்கொண்டு, மிச்ச வேலையை அப்பாவிடமே கேளுங்கள். பிள்ளையைத் தனியாக இன்னொரு பங்கேற்பாளராக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் குழுவில் மற்றவர்கள் பார்க்க வேண்டும், கட்டாயம். ஆனால் அழைப்புக்குள் ஆறு முகம் வேண்டாம். உங்கள் மடிக்கணினியைச் சுற்றி இரண்டு பேர் சத்தமில்லாமல் உட்காரட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும், அவர்கள் இருப்பதைப் பங்கேற்பாளரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிடுங்கள். பதிவுக்கு ஒப்புதல் கேட்டு, பதிவைத் தொடங்கி, மறுபடி ஒருமுறை கேட்டு அவர் குரலில் 'சரி' என்பதை வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் அதைப் படிக்கவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும். பதிவுகளை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று சொன்னீர்களோ அன்று அழித்துவிடுங்கள்.

ஒவ்வொருவருடைய சோதனையும் முடிந்த கையோடு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு தாளில் நிரப்புங்கள். வரிசைக்கு ஒரு பங்கேற்பாளர், பத்திக்கு ஒரு வேலை. கட்டத்தில் நான்கில் ஒன்று: தானாக முடித்தார், உதவியோடு முடித்தார், விட்டுவிட்டார், முடித்துவிட்டதாக நினைத்தார் ஆனால் தப்பு. நான்காவதுதான் ஆபத்தானது. 264 ரூபாய் என்று பதிந்துவிட்டு 'ஆச்சுங்க' என்று சந்தோஷமாகச் சொல்பவர் யாரிடமும் உதவி கேட்கமாட்டார். அறிக்கையில் '60 சதவீதம் பேர்' என்று எழுதாதீர்கள். 'ஐந்தில் மூன்று பேர்' என்றே எழுதுங்கள். எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வி மதிப்பெண் முறையையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை வாக்கியம். 'தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது, உடன்படவில்லை' என்பதைப் போனில் கேட்டுப் பதில் சொல்வதற்குள் பலருக்குக் குழம்பிவிடும்.

தொலைவிலிருந்து தெரியாதவையும் உண்டு. களத்து வெயிலில் திரை தெரிகிறதா, தூசி படிந்த விரலுக்குப் பொத்தான் கேட்கிறதா, எடை மேடைச் சத்தத்தில் குரல் அறிவிப்பு காதில் விழுகிறதா என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். வீடியோ அழைப்பே எடுக்கத் தெரியாதவர் உங்கள் சோதனைக்குள் வரவே மாட்டார். ஆனால் செயலி அவருக்கும்தான். இரண்டு சுற்றுக்கு ஒரு முறையாவது பஸ் ஏறிப் போய் ஒரு நாள் கொள்முதல் நிலையத்தில் உட்காருங்கள்.

அடுத்த சுற்றுக்கு முன், அந்த 'அளவு' கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: 'எத்தனை மூட்டை?', 'ஒரு மூட்டை எத்தனை கிலோ?' பெருக்கி வரும் 744 கிலோவைக் கீழே பெரிய எழுத்தில் காட்டட்டும், அதன் கீழ் ரூபாய். மூட்டைகள் ஒரே எடையாக இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க அதற்கும் ஒரு வேலை வையுங்கள். முதலில் சோதித்த நால்வரை இதற்குக் கூப்பிடாதீர்கள். கிலோவில் போட வேண்டும் என்று அவர்களில் இருவருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள், மற்ற இருவரும் செயலியை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். புதிய ஐந்து பேர் வேண்டும். விலை குறைந்த போனில், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில், உங்கள் குழுவில் யாருடைய பெரியப்பாவிடமாவது முந்தின நாள் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.